கம்பி வந்தது, கதவு திறந்ததா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து கூடிய படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய உரை.)

தோழர்களே, தாய்மார்களே, முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரர்களே!

நம் வட்டாரத்தில் செல்போன் இல்லாத வீடு எத்தனை? விரல்விட்டு எண்ணிவிடலாம். மும்பையில் பந்தாட்டக்காரர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று அந்த நிமிஷமே நமக்குத் தெரிகிறது. எந்த நடிகர் எந்த நடிகைக்கு மாலை போட்டார் என்றும் தெரிகிறது. நல்லது, தெரியட்டும்.

நான் நாலே நாலு கேள்வி கேட்கிறேன். பக்கத்து ஊரில் நேற்று நடவுக்கு என்ன கூலி கொடுத்தார்கள்? நெல் கொள்முதல் நிலையத்தில் இன்றைக்குச் சாக்கு இருக்கிறதா, இல்லையா? ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பெண் டாக்டர் எந்தக் கிழமை உட்காருகிறார்? உங்கள் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணம் போன மாதம் உங்கள் கணக்கில் ஏறியதா? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

யாரும் தூக்கவில்லை. இதுதான் நம் நிலைமை. உலகத்துச் சேதியெல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது. ஊர்ச் சேதி மட்டும் இல்லை. கூலி விஷயம் மிராசுதாருக்குத் தெரியும். சாக்கு விஷயம் வியாபாரிக்குத் தெரியும். பி.எஃப். விஷயம் மில் ஆபீசுக்குத் தெரியும். தெரியாதவன் நாம் ஒருவன்தான். தெரிந்தவன் விலை வைக்கிறான். தெரியாதவன் அந்த விலைக்குத் தலையாட்டுகிறான்.

ஆகவே நம் வட்டாரத்துக்கென்று பொதுவாக ஒரு தகவல் வலை வேண்டும் என்று இந்தக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எல்லோரும் கேட்கலாம், எல்லோரும் சேதி கொடுக்கலாம், காசு வேண்டாம் என்பது அதன் ஏற்பாடு. யோசனை நல்ல யோசனை. ஆனால் எப்படிக் கட்டுவது? கம்ப்யூட்டரும் கம்பியும் வாங்கி வைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

முடியாது, தோழர்களே. நான் பத்தாவது வரை படித்தவன். யந்திரத்தின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட வலையைக் கட்டிப் பார்த்த ஜனங்களின் அனுபவத்தைத் தேடிப் படித்திருக்கிறேன். அதிலிருந்து எனக்குப் பட்டது இது: பொதுவலை என்று எது பெயர் வைத்துக்கொண்டு வந்தாலும் அதனிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். கதவு யாருக்குத் திறந்திருக்கிறது? அங்கே பதில் கிடைப்பது யாருடைய கேள்விக்கு? செலவும் சொத்தும் யார் கையில்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் அது பொதுவலை. இல்லையென்றால் அது இன்னொரு கடை, அவ்வளவுதான்.

கோயிலின் இரண்டு கதவுகள்

முதலில் புதுச்சேரிக்குப் போவோம். புதுச்சேரி என்றால் ஆலைத் தொழிலாளிக்கு 1936 ஜூலை 30 நினைவுக்கு வரும். அன்றுதான் போராடிய ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை அந்த ரத்தத்தின் பேரில்தான் அங்கே கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1934-இல், தோழர் வ. சுப்பையா ‘சுதந்திரம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார் என்பதையும் மறக்கக் கூடாது. தொழிலாளிக்குச் சேதி போய்ச் சேர வழி இருந்தது. பிறகு சங்கம் வந்தது. பிறகு உரிமை வந்தது.

அதே புதுச்சேரியில் 1998-இல் இன்னொரு காரியம் தொடங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஆராய்ச்சி நிதியின் உதவியோடு, கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வில்லியனூரில் ஒரு தலைமை நிலையம். அதைச் சுற்றி ஏம்பலம், கீழூர், கடற்கரையில் வீராம்பட்டினம் என்று ஒவ்வொரு ஊராக மையம். அந்தக் காலத்தில் கிராமத்தில் டெலிபோன் கம்பி ஒழுங்காக இல்லை. மின்சாரமோ நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஆகவே போலீஸ்காரர் கையில் இருக்கிறதே, அதைப் போன்ற இருவழி ரேடியோ மூலமாகத் தகவலை அனுப்பினார்கள். கூரை மேல் சூரியத் தகடு போட்டு மின்சாரம் எடுத்தார்கள்.

யந்திரத்தைவிடக் கவனிக்க வேண்டியது நிபந்தனை. மையம் வேண்டும் என்று கேட்கும் ஊர் வாடகையில்லாமல் ஓர் அறை தர வேண்டும். அது பொதுக் கட்டடத்தில் இருக்க வேண்டும். எந்த ஜாதிக்காரரும், குறிப்பாகத் தலித் மக்கள், தடையில்லாமல் உள்ளே வர வேண்டும். நடத்தும் தொண்டர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொண்ட ஊருக்கே மையம்.

ஏம்பலத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஊரார் கோயில் கட்டடத்தில் ஒரு பகுதியை மையத்துக்குக் கொடுத்தார்கள். கோயிலுக்கு இரண்டு கதவு. ஒரு கதவு சாமிக்குப் போகிற கதவு. அதன் வழியாகத் தலித் மக்கள் நுழையக் கூடாது, தீட்டு நாளில் பெண்கள் நுழையக் கூடாது. இன்னொரு கதவு கம்ப்யூட்டருக்குப் போகிற கதவு. அதன் வழியாக யாரும் போகலாம், எந்த நாளும் போகலாம். ஒரே கட்டடம், ஒரே சுவர்! 2000-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த இரண்டு கதவையும் பற்றி எழுதியது.

இதில் நமக்கு என்ன பாடம்? இரண்டாவது கதவு தானாகத் திறக்கவில்லை. நிபந்தனை போட்டதால் திறந்தது. கம்ப்யூட்டருக்கு ஜாதி தெரியாதுதான்; ஆனால் அது இருக்கும் திண்ணைக்கு ஜாதி உண்டு. முன்னாள் தலைவர் வீட்டு முன்னறையில் வைத்தால் அந்த வீட்டுக்கு யார் போக முடியுமோ அவர்கள்தான் போவார்கள். மில் ஆபீஸ் வராந்தாவில் வைத்தால் பி.எஃப். கணக்கை அங்கே போய் யார் துணிந்து கேட்பார்கள்? ஆகவே கதவு எங்கே என்பது முதல் கேள்வி. யந்திரம் எது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடலும் ஒலிபெருக்கியும்

இரண்டாவது, கேள்வி யாருடையது?

புதுச்சேரிக்காரர்கள் மையம் திறப்பதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஜனங்களுக்குச் சேதி இப்போது எங்கிருந்து வருகிறது, இன்னும் என்ன சேதி வேண்டும் என்று ஊரிலேயே விசாரித்தார்கள். டீக்கடை, சந்தை, அக்கம்பக்கத்து வீடு, விதை உரம் விற்கிற கடைக்காரர், இவைதான் கிராமத்தானின் செய்தி ஸ்தாபனம் என்று தெரிந்தது. உழவர் ஊரில் கேட்டது ஒன்று, மீனவர் ஊரில் கேட்டது வேறு.

வீராம்பட்டினத்து மீனவருக்கு என்ன வேண்டும்? நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்று தெரிய வேண்டும். அது அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்தில் தினமும் வந்துகொண்டிருந்தது. தன் போர்க்கப்பலுக்காக அமெரிக்கா கணித்த அலைக் கணக்கை எடுத்துத் தமிழில் சொல்லி, கடற்கரை பக்கம் திருப்பி வைத்த ஒலிபெருக்கியில் தினமும் வாசித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் வலையைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார். படகை இறக்குவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்தார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மனிதருக்கும் இப்படித்தான் கம்ப்யூட்டர் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26. சுனாமி வந்த நாள். நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். அங்கேயும் இந்த மையம் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். இந்தோனேசியாவில் பூகம்பம் என்று தொலைக்காட்சியில் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் வீட்டுப் பக்கம் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். உடனே வெளியே ஓடுங்கள் என்றார். வீட்டில் இருந்தவர்கள் தாங்கள் மட்டும் ஓடவில்லை; ஊருக்குச் சொன்னார்கள். மையம் பூட்டியிருந்தது. ஜனங்கள் பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கியை எடுத்து அறிவித்தார்கள். ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் வெளியேறினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஓர் உயிரும் போகவில்லை. புதுச்சேரி, காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மாண்ட அதே காலைப் பொழுதில்!

இதை நன்றாக யோசியுங்கள். அன்று கம்ப்யூட்டர் எச்சரிக்கவில்லை. எச்சரித்தது ஒரு டெலிபோன் அழைப்பு. ஆனால் அந்த ஒரு வீட்டுச் சேதியை 3,600 பேர் சேதியாக நிமிஷத்தில் ஆக்கியது எது? ஊர் நடுவில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. அதில் வரும் சேதி மெய்யான சேதி என்று தினம் தினம் அலைக் கணக்கைக் கேட்டுப் பழகிய நம்பிக்கையும் இருந்தது. அந்த நம்பிக்கையை ஆபத்து வந்த அன்றைக்கு அவசரமாக உண்டாக்கியிருக்க முடியாது. வருஷக்கணக்கில் ஒவ்வொரு நாளும் சரியான சேதி சொல்லித்தான் உண்டாக்க முடிந்தது.

வீடில்லாதவர் எழுதிய சேதி

இன்னொரு உதாரணம், பணக்கார நாட்டிலிருந்தே சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சாண்டா மோனிகா என்று ஒரு கடற்கரை நகரம். 1989-இல் அந்த நகரசபை ஊராருக்காக ஒரு பொது வலை தொடங்கியது. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர் வீட்டிலிருந்து எழுதலாம். இல்லாதவர் பொது நூலகத்துக்குப் போய் அங்கே வைத்திருக்கும் யந்திரத்தில் எழுதலாம்.

அந்த ஊரில் வீடில்லாமல் தெருவில் படுக்கும் ஜனங்கள் நிறைய. அவர்களில் சிலர் நூலகத்துக்குப் போய் எழுத ஆரம்பித்தார்கள். வீடுள்ளவர்களுக்கு ஆச்சரியம். இவர்கள் ஏன் வேலைக்குப் போவதில்லை என்று கேட்டவர்களுக்கு அவர்களே பதில் சொன்னார்கள். வேலை கேட்டுப் போக வேண்டுமானால் காலையில் குளித்திருக்க வேண்டும், துணி வெளுப்பாக இருக்க வேண்டும், கையில் உள்ள மூட்டையைப் பத்திரமாக எங்காவது வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்றுக்கும் ஊரில் இடமில்லை. இப்படி வந்தது விவரம். வீடுள்ளவரும் இல்லாதவரும் அந்த வலையிலேயே சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். குளியலறை, துணி துவைக்கும் யந்திரம், பூட்டி வைக்கும் பெட்டி என்ற மூன்றையும் நகரசபையிடம் கேட்டார்கள்; நகரசபை இணங்கியது.

அதிகாரிகள் எத்தனை வருஷமாக வீடில்லாதவர்களைப் பற்றி அறிக்கை எழுதியிருப்பார்கள்! சோப்பும் பூட்டும் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தேவை உள்ளவனே எழுதியபோதுதான் தெரிந்தது. மேலேயிருந்து சேதி கொட்டுவதற்கு ரேடியோ போதும். கீழேயிருந்து சேதி ஏறுவதற்குத்தான் வலை.

ஆனால் அந்த வலைக்கும் ஒரு சங்கடம் வந்தது. வாய்க்கு வந்ததை எழுதும் சிலர் புகுந்தார்கள். பெண்களைச் சீண்டினார்கள். வசைக்குப் பயந்து நல்லவர்கள் பலர் விலகிப்போனார்கள். ஊர்ப் பொதுக் கிணற்றுக்கும் ஒரு முறை உண்டல்லவா? செருப்போடு ஏறக் கூடாது, அழுக்குத் துணி துவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தால்தான் எல்லோரும் குடிக்க முடியும். நம் வலைக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு முதல் நாளே வேண்டும்.

கூலிக்காரன் கேட்ட கணக்கு

சேதி என்றால் வானிலை, டாக்டர் வரும் நாள் இவ்வளவுதானா? இல்லை. கணக்கும் சேதிதான். அதைக் காட்டியவர்கள் ராஜஸ்தான் கூலிக்காரர்கள்.

ராஜ்சமந்த் மாவட்டத்தில் தேவ்துங்ரி என்று ஒரு சின்னக் கிராமம். 1990-இல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது. தொழிலாளர், விவசாயிகள் சக்தி அமைப்பு என்று அர்த்தம். சர்க்கார் பஞ்ச நிவாரண வேலையில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான கூலி தரவில்லை. கேட்டால், நீ வெட்டிய அளவு குறைவு என்றார்கள். அப்படியானால் மஸ்டர் ரோலைக் காட்டு என்றார்கள் தொழிலாளர்கள். அது சர்க்கார் ரகசியம் என்று பதில் வந்தது. மண் வெட்டியவனுக்கு அவன் வெட்டிய மண்ணின் கணக்கு ரகசியமாம்!

1994 டிசம்பரிலிருந்து அவர்கள் ஊர் ஊராக ஜனங்களின் பொது விசாரணை நடத்தினார்கள். கிடைத்த ஏடுகளை ஊர் மத்தியில் உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்துப்போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று எல்லாம் அம்பலமானது. நம் பணம், நம் கணக்கு என்பது அவர்கள் கோஷம். அந்த இயக்கமும் நாட்டில் இன்னும் பல இயக்கங்களும் சேர்ந்து தள்ளியதில் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2019 செப்டம்பரில் ராஜஸ்தான் அரசு, ரேஷன், வேலைக் கூலி, ஓய்வூதியம் முதலிய திட்டங்களின் கணக்கை யாரும் மனுப் போடாமலே பார்க்கும்படி ஒரு இணையதளத்தில் வைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே சில பஞ்சாயத்துகளில் கணக்கைச் சுவரில் பெயின்டால் எழுதினார்கள். சுவரும் ஒரு வலைதான், தோழர்களே. மின்சாரம் கேட்காத வலை!

அந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவை நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கார் ஆபீஸ் தன் திட்டம், செலவு, பயன் பெறுவோர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். உள்ளூர் மொழியில், ஜனங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் முறையில் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. கேட்டால் தருவது தயவு அல்ல. கேட்காமலே தருவது கடமை.

செலவு யார் கையில்?

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சொத்தும் செலவும் யார் கையில்?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் 1986-இல் ஒரு பல்கலைக்கழகத்தில் பொது வலை தொடங்கினார்கள். பொது நூலகம் போல யாரும் இலவசமாக வரலாம். டாக்டரிடம் சந்தேகம் கேட்கலாம், பதில் வரும். அதைப் பார்த்துப் பல ஊர்களில் அதே மாதிரி வலைகள் எழுந்தன. 1999-இல் பல்கலைக்கழகம் அதை மூடியது. ஜனங்கள் பயன்படுத்தினார்கள், ஆனால் சாவி அவர்களிடம் இல்லை. தர்மத்தில் நடக்கும் சத்திரம், தர்மகர்த்தா மனசு மாறும் வரைதான் நடக்கும்.

நேர்மாறான ஓர் உதாரணம் ஸ்பெயின் நாட்டில் கட்டலோனியாவில் இருக்கிறது. 2004-இல் அங்கே ஓசோனா வட்டாரத்துக் கிராமங்களுக்கு நல்ல இணையம் இல்லை. லாபம் இல்லாத இடத்துக்குக் கம்பெனி கம்பி இழுக்குமா? ஜனங்களே தங்கள் கூரைகளில் ஆன்டெனா வைத்து வீட்டுக்கு வீடு இணைத்தார்கள். பிறகு வயல்களின் ஓரமாகக் கண்ணாடி இழைக் கம்பியும் போட்டார்கள். அதன் பெயர் குய்ஃபி. அவரவர் பங்கை அவரவர் போட்டார்கள். போட்டதை எல்லோரும் பயன்படுத்தலாம். யாரும் தனக்கு மட்டும் என்று வேலி போட முடியாது. இப்படியே வளர்ந்து முப்பதாயிரத்துக்கும் அதிகமான இணைப்பு முனைகளாயிற்று. நம் ஊரில் ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்த குடிமராமத்து முறை இருந்ததே, அந்த ரகம்தான்.

நம் நாட்டு நிலைமை என்ன? 2011-இல் மத்திய அரசு சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடத் திட்டம் போட்டது. 2015-இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். அது நம் வரிப்பணம். அந்தக் கம்பி பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டுக்குப் பின்னால் முடிந்துபோனால் யாருக்கு லாபம்? 2006-இல் கிராமங்களுக்குப் பொதுச் சேவை மையம் என்ற திட்டமும் வந்தது. சான்றிதழுக்கும் மனுவுக்கும் தாலுக்கா ஆபீசுக்கு அலைவது ஓரளவு குறைந்தது. அதை மறுக்க வேண்டாம். ஆனால் அதை நடத்துகிறவருக்குக் கட்டணமும் கமிஷனும்தான் வருமானம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை; அவரும் கடன் வாங்கிக் கடை போட்டவர்தான். ஆனால் மனு போட்டால் அவருக்குக் காசு. கூலி என்ன என்று கேட்டால் அவருக்கு என்ன கிடைக்கும்? காசு வராத கேள்விக்கு அங்கே நாற்காலி கிடையாது.

ஒரு நண்பர் கேட்கலாம்: கையில் செல்போன் இருக்க, இந்த மையமெல்லாம் எதற்கு? நியாயமான கேள்வி. செல்போனில் வாட்ஸ்அப் இருக்கிறது. அதில் நல்ல சேதியும் வருகிறது, புளுகும் வருகிறது, பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று வதந்தி பரப்பி அப்பாவிகளை அடித்துக் கொன்ற கொடுமை 2018-இல் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது, யார் சரிபார்த்தது என்ற மூன்றும் அதில் இல்லை. செல்போன் ஒரு வாய்க்கால். அதில் ஓடுகிற தண்ணீரைக் கவனிக்க ஊருக்கு ஒரு நீர்க்கட்டி வேண்டாமா? அதுதான் மையம்.

நாம் செய்ய வேண்டியது

பேசிக் கலைந்துபோக நாம் கூடவில்லை. ஆகவே கூட்டத்தின் முன் சில யோசனைகளை வைக்கிறேன். குறையிருந்தால் திருத்துங்கள்.

ஒன்று, இடம். இந்தப் படிப்பகத்தின் முன்னறை. கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது. காலனியிலிருந்தும் வரலாம், ஊரிலிருந்தும் வரலாம், மில் லயனிலிருந்தும் வரலாம். ஷிப்டு மாறும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு, நோட்டு. கம்ப்யூட்டர் வாங்கும் முன் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குவோம். ஒரு மாதம் யார் வந்து எந்தக் கேள்வி கேட்டாலும் அதில் எழுதுவோம். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் நம் வட்டாரத்துக்கு எந்தச் சேதி வேண்டும் என்று நோட்டே சொல்லும். அதற்குத் தகுந்தபடி யந்திரம் வாங்கலாம்.

மூன்று, ஆட்கள். ஆறு பேர் போதும். மூன்று பேர் பெண்கள். குறைந்தது இரண்டு பேர் காலனியிலிருந்து. ஒருவர் ஒடிசாவிலிருந்து நம் மில்லுக்கு வந்து வேலை செய்யும் தோழர்களில் ஒருவர். அவர்கள் விடுதிச் சுவருக்குள்ளே இருக்கிறார்கள். தமிழ்ப் பலகை அவர்களுக்குப் பயன்படாது. அவர்கள் பாஷையிலும் சேதி வேண்டும். அவர்களுக்குச் சரியான கூலி தெரியாமல் இருக்கும் வரை நம் கூலியும் ஏறாது. புதுச்சேரி மையங்களில் பள்ளிப் படிப்பு மட்டும் உள்ள கிராமத்துப் பெண்கள்தான் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் பழகி நடத்திக் காட்டினார்கள். நம் பெண்களால் முடியாதா?

நான்கு, சேதி போகும் வழி. செல்போன் உள்ளவருக்குச் செல்போனில் எழுத்தாகவும் குரலாகவும். இல்லாதவருக்கு மில் கேட் பக்கம் ஒரு கரும்பலகை, காலனியில் ஒரு கரும்பலகை. சாயங்காலம் பத்து நிமிஷம் ஒலிபெருக்கி. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் வேண்டாம். பிள்ளைகள் படிக்க வேண்டும்.

ஐந்து, கட்டுப்பாடு. ஒவ்வொரு சேதியிலும் தேதி, எங்கிருந்து வந்தது, யார் சரிபார்த்தார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். தப்பு நேர்ந்தால் அதே பலகையில் அதே பெரிய எழுத்தில் திருத்தம் போட வேண்டும். வசைக்கு இடமில்லை. சர்க்கார் கணக்கு திறந்த கணக்கு. ஆனால் தொழிலாளியின் வீட்டுக் கணக்கு திறந்த கணக்கு அல்ல. யாருக்கு எவ்வளவு கடன், யாருக்கு என்ன நோய், யாருடைய ஆதார் எண் என்ன, இதில் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது. பி.எஃப். கணக்கை அவரவர் செல்போனில் அவரவரே பார்க்கக் கற்றுக்கொடுப்போம். அவருக்காக நாம் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு, பணம். வீட்டுக்கு மாதம் பத்து ரூபாய். முந்நூறு வீடு சேர்ந்தால் மூவாயிரம். இணைப்புக்கும் மின்சாரத்துக்கும் சாக்கட்டிக்கும் அது போதும். வரவு செலவை முதல் சேதியாக அதே பலகையில் எழுத வேண்டும். ஊர்க் கணக்கைக் கேட்கப் புறப்பட்டவன் தன் கணக்கை முதலில் காட்ட வேண்டும். கொடுக்க முடியாத வீட்டுக்கும் சேதி உண்டு. அதில் பேதம் கூடாது.

ஏழு, கோரிக்கை. தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று முறை வைத்திருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் நாம் கூட்டமாகப் போய் இரண்டு தீர்மானம் கொண்டுவருவோம். பஞ்சாயத்துக்கு வந்த கம்பியைப் படிப்பகம் வரை நீட்டிக் கொடு. பஞ்சாயத்தின் வரவு செலவு, திட்டப் பயனாளிகள் பட்டியல், வேலைக் கணக்கு மூன்றையும் நாலாவது பிரிவின்படி எங்கள் பலகைக்கு மாதா மாதம் கொடு. தலைவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

இதனால் நாளையே கூலி ஏறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தால் மட்டும் போதாது. தெரிந்தவர்கள் சேர்ந்து நிற்க வேண்டும். நான்கு ஊரில் என்ன கூலி என்று பலகையில் எழுதிப் போட்டபின், ஐந்தாவது ஊரில் மட்டும் குறைத்துக் கொடுப்பது எப்படி என்று மிராசுதார் யோசிப்பார், யோசிக்கட்டும். ஆனால் கேட்கப் போகிறவர்கள் நாம்தான். வலை கேட்காது, பலகை கேட்காது. அவை நம் கையில் விவரத்தைக் கொடுக்கும், அவ்வளவே. சங்கம் இல்லாத இடத்தில் அந்த விவரம் வெறும் பெருமூச்சாகிப் போகும்.

நோட்டு வாங்கி வந்திருக்கிறோம். அதோ மேஜை மேல் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. நான் தொடக்கத்தில் கேட்ட நாலு கேள்வியை அதில் எழுதாதீர்கள். அவை என் கேள்விகள். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் வரிசையாக வந்து உங்கள் கேள்வியைச் சொல்லிவிட்டுப் போங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும். அவர்களுக்கு அடுப்பு காத்திருக்கிறது.